அம்மாவுக்கும் ஓர் இலை

ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மூன்று மாதமும் ஊவா மலைகளில் கச்சான் காற்று விடாமல் வீசும். லயத்துத் தகரங்கள் இரவெல்லாம் படபடக்கும். ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரையான இந்தப் பருவத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர் பெற்ற மணம் வருகிறது. வரண்ட காற்றில் துளிர் மெதுவாக வளர்வதால் வருகின்ற மணம் அது. கொழும்பு ஏலத்தில் அதற்கு நல்ல விலை உண்டு. ஆனால் மலையில் கொழுந்தெடுக்கின்ற பெண்ணுக்கு அது மெலிந்த காலம். கூடையில் கிலோ சேராது. முழுப்பேர் கிடைக்க வேண்டிய நாளில் அரைப்பேர் விழும்.

ஐப்பசி பிறந்தால் காற்று அடங்கும். பின்னேரங்களில் இடியோடு மழை இறங்கும். காய்ந்து கிடந்த செடிகள் துளிர்க்கும். அத்தோடு தோட்டத்தில் ஒரு கேள்வியும் துளிர்த்துவிடும். பீலிக்கரையிலும் கொழுந்து மடுவத்திலும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்:

"ஒங்க புள்ளைங்க தீவாளிக்கு எந்தக் கோச்சியில வருதுங்க?"

தெமோதரையில் பிறந்த எனக்கு, வருடம் பிறப்பது சித்திரையில் அல்ல. ஐப்பசியில், இந்தக் கேள்வியோடுதான்.

கோச்சியில் வருகின்ற உறவுகள்

எங்கள் தோட்டங்களில் இன்று எல்லாப் பிள்ளைகளும் மலையில் வேலை செய்வதில்லை. ஆண்பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். இன்னும் சிலர் வளைகுடா நாடுகளில் வீட்டு வேலையில் இருக்கிறார்கள். வருடத்தில் ஒருமுறை எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கூடுவதென்றால் அது தீபாவளிக்குத்தான்.

நானும் அப்படி வந்தவள்தான். 2001 முதல் ஆறு வருடங்கள் கட்டுநாயக்கவில் தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தேன். தீபாவளிக்கு முதல் நாள் கோட்டை ரயில் நிலையத்தில் காலடி வைக்க இடமிருக்காது. பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே, இரவுத் தபால் கோச்சி எதுவென்றாலும் கதை ஒன்றுதான். ஆசனம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் கதவோரம் பையைப் போட்டு அதன்மேல் உட்கார வேண்டும். பைக்குள் அம்மாவுக்குச் சேலை, தம்பிக்குச் சட்டை, பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்கு மத்தாப்பு. பதுளை வரையிலான பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர். நாவலப்பிட்டி தாண்டிக் குளிர் தொடங்கும்போது யாரோ ஒருவர் சாப்பாட்டுப் பொதியை அவிழ்ப்பார். முன்பின் தெரியாதவர்களுக்கும் அதில் ஒரு கை கிடைக்கும். எங்கள் தீபாவளிச் சாப்பாடு அங்கேயே தொடங்கிவிடும்.

பட்டிப்பொலையில் உச்சியைத் தொட்ட கோச்சி ஹப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை என்று இறங்கும். சுரங்கம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். இந்தப் பாதையில் 40க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இருப்பதால் கூச்சலுக்குக் குறைவே இருக்காது. எல்லயில் வெளிநாட்டவர்கள் இறங்கிவிட, பெட்டியில் எஞ்சுவது பெரும்பாலும் எங்கள் ஆட்களாகவே இருக்கும். பிறகு ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலத்தைப் பார்க்க உலகமே வருகிறது. அதன் மேலால் போகும்போது நாங்கள் வெளியே பார்ப்பதில்லை. பைகளை இறக்கத் தொடங்கிவிடுவோம். அடுத்த நிலையம் தெமோதரை.

காலடியில் போகின்ற கோச்சி

தெமோதரை நிலையத்தில் ஒரு புதுமை இருக்கிறது. எங்களை இறக்கிவிட்ட கோச்சி பதுளைப் பக்கமாகப் புறப்படும். மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இறங்கும். நாங்கள் பொருட்களைத் தலையில் ஏற்றி, வந்தவர்களோடு பேசி முடிப்பதற்குள், அதே கோச்சி நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தால் போகும். நிலத்தடியில் சத்தம் கேட்கும். சற்று முன் கைகாட்டிப் பிரிந்த ஹாலிஎலக்காரர்கள் எங்கள் காலடியில் போகிறார்கள் என்று சிரிப்போம்.

இந்தச் சுற்று எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். செங்குத்தான மலையில் பாதையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் பொறியியலாளர் திகைத்து நின்றாராம். அருகில் நின்ற கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பவும் சுற்றிக் கட்டியதைப் பார்த்து, "பாதையையும் இப்படிச் சுற்றினால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியதாம். கதை உண்மையோ இல்லையோ, எங்கள் மக்களின் தலைப்பாகை ஒன்று அதில் இருப்பது எங்களுக்குப் பெருமை. பதுளை வரையான பாதை 1924இல் திறக்கப்பட்டது. நூறு வருடங்களாக இந்தச் சுற்று எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

கொண்டுபோயும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

ஒப்பாரிக் கோச்சி

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, அதுவும் ஐப்பசி மாதம்தான், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த எமது மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுப்பதென்றும், மீதி 150,000 பேரின் கதியைப் பின்னர் பேசுவதென்றும் இரண்டு அரசாங்கங்கள் முடிவெடுத்தன. கணக்கில் அது இலகுவாக இருந்தது. லயத்தில் அது அக்காளையும் தங்கச்சியையும் பிரித்தது.

என் பெரியம்மா பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டவர். மாமனார் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில், தீபாவளி முடிந்து சில நாட்களில், அவர்கள் பதுளையில் கோச்சி ஏறினார்கள். தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போக வேண்டும். மலையகத்திலிருந்து அந்நாட்களில் புறப்பட்ட கோச்சிகளுக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒவ்வொரு நிலையத்திலும் அழுகுரல் எழுந்ததால் வந்த பெயர்.

அம்மாவுக்கு அப்போது கலியாணமாகவில்லை. பெரியம்மாவைக் கடைசியாகப் பார்ப்பதற்காக அவர் தெமோதரை நிலையத்தில் காத்து நின்றார். பதுளையிலிருந்து வருகின்ற கோச்சி முதலில் நிலையத்துக்கு அடியால் போகும். அதன்பிறகுதான் சுற்றி மேலே ஏறி வரும்.

"மொதல்ல கால்கீழ சத்தம் கேட்டுச்சு. அக்கா கீழ போறான்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல மேல வந்துட்டா. ரெண்டு நிமிசந்தான் நின்னுச்சு. அதிரசப் பொட்டலத்த சன்னல் வழியா குடுத்தேன். ஒரு வார்த்த பேசல" என்று அம்மா சொல்வார். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை.

பெரியம்மா நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் குடியேறினார். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் ஆரம்பித்த டான்டீ தேயிலைத் தோட்டத்தில் அங்கேயும் கொழுந்துதான் எடுத்தார். யுத்தத்தோடு கப்பலும் நின்றுபோனது. சகோதரிகள் இருவரும் இன்றுவரை நேரில் சந்திக்கவில்லை.

பலகாரம் சுடுகின்ற இரவுகள்

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே எங்கள் லயத்தில் மாவிடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கும். அம்மாவின் கை அதிரசத்துக்குப் பேர் போனது. பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துவார். முழுவதும் காய்ந்துவிடக் கூடாது. கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும். இடித்துச் சலித்த மாவை வெல்லப்பாகில் கொட்டிக் கிளறுவார். பாகை ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் மெத்தென்று உருள வேண்டும். ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, மாவை ஓரிரு நாள் மூடி வைத்துவிட்டுத்தான் சுடுவார். அவசரப்பட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். அடுப்பு எரிவது மெல்லிய தீயாக இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் விறகு நனைந்திருக்கும் என்பதால், இரண்டு கிழமைக்கு முன்பே அடுப்புக்கு மேலே பரணில் விறகு அடுக்கியாகிவிடும்.

முறுக்கு சுடுகின்ற இரவில் நான்கு காம்பராப் பெண்கள் ஓர் அடுப்பைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் பிழிய, ஒருவர் சுட, ஒருவர் வடித்தெடுக்க, மற்றவர் கதை சொல்ல, விடிந்துவிடும்.

இறைச்சிக்குப் பங்கு போடுவது எங்கள் வழக்கம். பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, ஈரல், எலும்பு, சதை என்று எல்லாவற்றையும் சமமாகக் கூறு வைப்பார்கள். காசு குறைந்த வீட்டுக்கும் ஒரு கூறு போய்ச் சேரும்; கணக்குப் பிறகு பார்க்கலாம்.

தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளியல். அப்புறம் இட்லி, தோசை, வடை, இறைச்சிக் குழம்பு. பலகாரத் தட்டுகள் லயத்துக்கு லயம் போகும். பக்கத்துச் சிங்களக் கிராமத்து வீடுகளுக்கும் போகும். அந்தத் தட்டுகள் சித்திரையில் கொக்கிஸும் பாற்சோறுமாகத் திரும்பி வரும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது இரு பக்கத்திலும் வழக்கமில்லை.

யாருடைய கணக்கில் விருந்து?

இத்தனைக்கும் காசு எங்கிருந்து வருகிறது? தோட்டத்தில் கொடுக்கின்ற தீபாவளி முற்பணத்திலிருந்து. முற்பணம் என்பது கொடை அல்ல, கடன். மாதாமாதம் சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள். பெரும்பாலான வீடுகளில் அது வெட்டப்படுவது கொழுந்தெடுக்கின்ற தாயின் சம்பளச் சீட்டில்தான்.

நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவோடு சேர்த்து 1750 ரூபா என அறிவிக்கப்பட்டது. கூட்டம் போட்டுக் கேட்டுப் பெற்றவை இவை. ஆனாலும் 2024இல் இரண்டு கிலோ கோழியிறைச்சி ஒரு முழுப்பேரின் சம்பளத்துக்குள் அடங்கவில்லை. வீடு நிறைய ஆட்கள் வந்து நான்கு நாள் தங்கினால், அந்தச் செலவு எத்தனை கூடைக் கொழுந்து என்பதை அம்மாமார் மட்டுமே அறிவார்கள்.

முற்பணம் போதாதபோது வட்டிக்கு வாங்குகிறோம். கிழமைக்குக் கிழமை கட்டுகின்ற கடனும் அவள் பெயரில்தான் வரும். வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு, கார்த்திகை மழையில் கடன்காரருக்குப் பதில் சொல்கிறவளும் அவளே.

நான் கட்டுநாயக்கவில் இருந்தபோது ஒரு வருடம் தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. ஏற்றுமதிக்கு அவசரமென்று நான் வேலை செய்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். போடிங் அறையில் பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்குப் போனபோது தம்பி சொன்னான்: "அன்னைக்கி ஒனக்கும் எல போட்டாங்க அம்மா. இட்லியும் கறியும் வச்சாங்க. யாரையும் தொட வுடல."

பந்தியில் யார் யார்?

அம்மாவின் வழக்கம் அது. முதலில் இறந்தவர்களுக்குப் படையல். அப்பா போன பிறகு அவருக்குப் பிடித்த ஆட்டு ஈரல் அதில் கட்டாயம் இருக்கும். பின்னர் பந்தியில் வரிசையாக வாழை இலைகள். அதில் பெரியம்மாவுக்கு ஓர் இலை. அதில் முதலில் வைப்பது அதிரசம்.

"உசுரோட இருக்கிறவளுக்குப் படையல் போடக் கூடாது. பந்தியிலதான் போடணும்" என்பார் அம்மா.

இத்தனை வருடங்களாக அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று இலையை வைத்தே எண்ணியிருக்கிறேன். ஓர் இலை குறைகிறது என்பது எனக்குத் தெரியவே இல்லை.

அது தெரிந்தது 2020இல். கொரோனாக் காலம். தீபாவளி நவம்பர் 14ஆம் திகதி. மேல் மாகாணத்திலிருந்து யாரும் வெளியேறக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். தம்பி கொழும்பில் மாட்டிக்கொண்டான். பண்டாரவளையில் வாழ்க்கைப்பட்டிருந்த நான் மட்டும் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தேன். மகள் வட்ஸ்அப்பில் பெரியம்மாவை அழைத்து, கையடக்கத் தொலைபேசியைப் பந்தியின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இது ஒங்க எல பெரியம்மாயி. இது மாமா எல. அது தாத்தா படையல்."

பெரியம்மா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஒங்க அம்மாயி எல எங்க புள்ள?"

அம்மா அடுப்படியில் நின்றபடி, "நா அப்புறமா சட்டியில போட்டுத் திம்பேன்க்கா" என்றார்.

"ஏன்டி, இல்லாதவங்களுக்கு மூணு எல. இருக்கிறவளுக்கு ஒன்னு இல்லையா? நீ ஒக்காந்து சாப்புடுறத நான் பாக்கணும். ஒக்காரு."

நாற்பது வருடங்களுக்கு மேலாகக் கண்ணால் காணாத அக்காளின் சொல்லை அம்மா தட்டவில்லை. ஓர் இலையைக் கிழித்து வந்து போட்டேன். அம்மாவுக்கு எப்படி உட்காருவது என்றே தெரியவில்லை. இரண்டு தடவை எழுந்து குழம்பைப் பார்க்கப் போனார். நான் பிடித்து உட்காரவைத்தேன். அந்தப் பக்கம் கூடலூரில் பெரியம்மாவும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். இருவரும் சாப்பிட்டார்கள். தெமோதரை நிலையத்தில் பேசாமல் விட்ட வார்த்தையை அன்றைக்கும் அவர்கள் பேசவில்லை. "உப்பு சரியா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்தெலும்பும் அடிப்பிடித்த சோறும்தான் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நான் நம்பியிருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, அம்மாவுக்கு ஈரல் பிடிக்கும் என்று.

நாம் செய்யக்கூடியது

சகோதரிகளே, தீபாவளியைச் சுருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரிந்தே வாழப் பழகிவிட்ட எமது குடும்பங்கள், நாம் இன்னும் ஒன்றுதான் என்று எண்ணிப் பார்க்கின்ற நாள் அது. அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் அதன் பாரத்தைப் பங்கு போடலாம். ஆட்டைக் கூறு போடத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமல்ல.

எங்கள் வீட்டில் இப்போது செய்வதைச் சொல்கிறேன். புரட்டாசி மாதமே பிள்ளைகள் எல்லோரும் தொலைபேசியில் பேசி, என்ன சமைப்பது, எவ்வளவு செலவு, யார் எவ்வளவு போடுவது என்று எழுதிக்கொள்கிறோம். அம்மா வட்டிக்கு வாங்குவதில்லை. தம்பி சேலைக்குப் பதிலாக அரிசி, எண்ணெய், மல்லி, மிளகாய்ச் செலவை ஏற்றுக்கொள்கிறான். விறகு வெட்டுவதும் தேங்காய் துருவுவதும் ஆண்பிள்ளைகளின் வேலை. முதல் வருடம் தம்பி துருவிய தேங்காயில் பாதி சிரட்டை இருந்தது. இப்போது பழகிவிட்டான். பரிமாறுவது முறை வைத்து. அம்மா முதல் பந்தி.

2025இல் தீபாவளி ஒக்டோபர் 20ஆம் திகதி வந்தது. அன்றைக்கு இருபத்திரண்டு இலைகள். ஐந்து கிழமை கழித்து, நவம்பர் இறுதியில், டித்வா புயல் வந்தது. மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலைகள் சரிந்து உயிர்கள் போயின. மலையகப் பாதை பல இடங்களில் உடைந்து கோச்சி நின்றது. எங்கள் லயத்துக்கு மேலேயும் மண்வெடிப்புக் கண்டதால் எல்லோரையும் பாடசாலைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் அம்மாவோடு பேச முடியவில்லை. மூன்றாம் நாள் குரல் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கேன். பயலுங்கதான் சமைக்கிறானுங்க. வரிசையா ஒக்காரவச்சுப் போடுறானுங்க. சாப்புட்டேன்."

அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் வந்தது. ஆனால் எமது தாய்மார் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு மலை சரிய வேண்டியதில்லை.

அடுத்த ஐப்பசியில் உங்கள் வீட்டிலும் பந்தி விரிப்பீர்கள். சோறு போடுமுன் ஒருதரம் இலைகளை எண்ணிப் பாருங்கள். சமைத்தவளுக்கு இலை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு கையை நனையுங்கள்.